சத்தம் நின்ற சக்கரம்

வாசலில் அண்ணன் வண்டி மை கூட்டிக்கொண்டிருக்கிறான். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும். வாசனை அறைக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நீ ஓட்டிய அந்தச் சின்ன லாரி. வெண்ணந்தூரிலிருந்து சேலம் மண்டிக்குக் கடலை மூட்டை. பிரேக்கை மிதித்தால் இடது பின் சக்கரத்திலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். எப்போதும் இல்லை, சில நேரம். சந்தையில் ஒரு நாள் அந்தச் சத்தத்துக்கு மாடுகள் மிரண்டு ஒரு வண்டி குடைசாய்ந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொருக்கா இது கத்துச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிரு. வேற ஆளு காத்துக்கிட்டு இருக்கறான்."

உன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

நான் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, வேலையில்லாமல் ஊரில் இருந்தேன். சத்தத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்றேன். வெறும் வண்டியில் உன்னோடு வந்தேன். பத்து முறை மிதித்தாய். ஒன்றுமில்லை.

"கூப்புட்டா வராத சாமி மாப்ள இது. மொதலாளி ஏறுனாத்தான் அருள் வரும்."

நோட்டில் எழுதினேன். காலையா, மாலையா. ஈரமா, புழுதியா. மேடா, இறக்கமா. எட்டிப் பார்த்தாய். "என்ற வண்டிக்குச் சாதகம் எழுதறயாடா?"

ஐந்தாம் நாள் பிடிபட்டது. முழுப் பாரத்தோடு, இறக்கத்தில், அழுத்தி மிதிக்கும்போது மட்டுமே அது கத்தியது. நீ யோசிக்கவே இல்லை. "உள்ள பிரேக் லைனிங் தேஞ்சு, அதப் புடிச்சிருக்கற ஆணி சக்கரத்து டிரம்முல ஒரசுது. சக்கரத்தக் கழட்டிப் பாக்கோணும்." யுத்த காலம். புது லைனிங் எளிதில் கிடைக்காது. கழற்றிப் பார்க்கவாவது ஒரு நாள் கேட்டாய். "மள வர்றதுக்குள்ள மூட்டைய மண்டி சேத்து. அப்பறம் பாக்கலாம்" என்றார் முதலாளி.

மறுநாள் மதியம் நீ சாப்பிடப் போயிருந்தாய். நான் வண்டியருகே இருந்தேன்.

எங்கள் வீட்டில் சக்கரம் கத்தினால் செய்வது ஒன்றுதான். மாட்டு வண்டிக்கு அடியில் தொங்கும் மூங்கில் குழாயிலிருந்து மை எடுத்து அச்சில் தடவுவார்கள். கத்தல் நின்றுவிடும். தாத்தா காலத்திலிருந்து நின்றிருக்கிறது. உராய்வைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அப்படியும் கை, பக்கத்தில் நின்ற மாட்டு வண்டியின் குழாயைத்தான் தேடியது. மூங்கில் சிம்பில் மையை எடுத்து, டிரம்முக்குப் பின்னால் இருந்த இடுக்கில் தள்ளினேன். உன் வேலை போகக் கூடாது. வேறு எதுவும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அன்று சத்தம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. முதலாளி உன் தோளில் தட்டினார். நீ சிரிக்கவில்லை.

"எங்கடா போச்சு? நீ ஏதாச்சும் பண்ணுனயா?"

"தானா வந்துச்சு. தானா போச்சு."

என்னையே பார்த்தாய். பிறகு மூட்டை ஏற்றப் போனாய்.

மூன்றாம் நாள் ஏரிக்கரை இறக்கத்தில் வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. ஒரு சக்கரம் வழுக்கி மற்றது பிடித்தால், பிடித்த பக்கம்தான் வண்டி திரும்பும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு என்னால் விளக்க முடியும். உன்னை நான் போவதற்குள் வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் காயம் இல்லை. காலில் செருப்பு இல்லை.

லாரிப் பட்டறை மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றினார். நீ சொன்ன ஆணி, நீ சொன்ன இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் கறுப்பு.

"எந்த மடையனோ பிரேக்குக்குள்ள வண்டி மை வச்சிருக்கறானுங்க."

"வேற ஆரு?" என்றார் முதலாளி. "அவங்கப்பன் மாட்டு வண்டி ஓட்டுனவன்தான? அந்தப் புத்தி போகுமா?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, போலீசுக்குக் குடுக்கோணும். இங்கிலீசுல எழுதிக் குடு."

எழுதினேன். விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் அறியாமை. இலக்கணப் பிழை இல்லை. அடித்தல் திருத்தல்கூட இல்லை.

நேற்று உன் மனைவி அந்தத் தாளின் நகலோடு வந்தாள். இடுப்பில் உன் மகள். உன் நெற்றி.

"ஏனுங்கண்ணா, இதுல என்னங்க போட்டிருக்குது? ஊருல எல்லாம் அவரு மேலதான் தப்புங்கறாங்க."

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதில் இல்லாததை வாசித்தேன். பிரேக் பழையது. ஓட்டியவர் மேல் தப்பில்லை.

"அப்ப ஆரு தப்புங்க?"

மகள் தாளைப் பிடித்து இழுத்தாள். அவள் விரலைப் பிரிக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் கிடைத்தது.

"ஆரு தப்பும் இல்லம்மா."

"நீங்க படிச்சவங்க. சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். உன்னிடம் இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ திருப்பிக் கேட்கமாட்டாய். அவள் வீடு இங்கிருந்து நாலு வீடு தள்ளி.