சுகிர்தா இப்போது எவ்வளவு உயரம்?

அன்புள்ள உங்களுக்கு,

கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மனைவி பிரம்மநாயகி எழுதுவது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன்.

பேரன் சிவகணேஷ் தாலுகா ஆபீசில் சேர்ந்ததையும், பேத்தி சித்ரலேகா நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்ததையும் நான் சமைக்கிற இந்த விளையாட்டு விடுதிச் சமையற்கட்டில் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். நேற்று நம் சின்னப் பேத்தி சுகிர்தாவின் முறை. பத்தாம் வகுப்புப் பிள்ளை, தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்றே பந்தைக் கூடையில் போடுவாள் என்று கூடைப்பந்து சாரிடம் சொன்னேன். அவர் நம் பக்கத்து மணிமுத்தாறுக்காரர். அடுத்த வருசம் விடுதியில் சேர்க்கப் பிள்ளைகளைத் தேடுகிறார்.

"பத்துக்கு எத்தனை விழுது ஆச்சி?"

"எட்டு விழுதுன்னு போன்ல சொன்னா."

"உயரம்?"

நான் என் தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"இம்புட்டுதானா? எப்பம் பாத்திய?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி."

சார் சிரித்துவிட்டார். "பிள்ளை அங்கனயே நிக்குமா? வளந்தா எறியுத கையும் மாறும்லா. முந்தி எப்படிப் போட்டா, இப்பம் எப்படிப் போடுதா, ரெண்டையும் பாத்தாதான் எடுக்க முடியும்."

அதிலிருந்து எனக்கும் அதே யோசனைதான். என் காதுவரை வந்துவிட்டாளா, என்னைத் தாண்டிவிட்டாளா? எறியும்போது குதிக்கிறாளா, நின்றபடியே எறிகிறாளா?

அவள் பந்து போடுகிற பழைய வீடியோ ஒன்றையும் புதிதாக ஒன்றையும் இந்த வாரத்துக்குள் சாருக்கு அனுப்ப அவளிடம் சொல்லுங்கள். நம்பர் பின்பக்கம் இருக்கிறது. சாம்பார் பொங்குகிறது, முடிக்கிறேன். என் போனில் வீடியோ வராது. எனக்கு அவளைக் கால் முதல் தலைவரை ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடுங்கள். பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். உங்கள் உயரம் எனக்குத் தெரியும்.