ஒற்றை டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? எனக்குத் தொண்டை கட்டியதைத் தவிர ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்தத் தலைநகரைச் சுற்றிக்காட்டியே உயிர் போகிறது. அரண்மனைக் கதையை நான் மூச்சுமுட்டச் சொன்னால், அவர்கள் சிம்மாசனத்தடியில் தூங்கும் பூனையைப் படம் எடுக்கிறார்கள்.

"அரண்மனை போதும் மிஸ். இந்த ஊர்க்காரங்க யார் வீட்டுக்காவது கூட்டிட்டுப் போங்க" என்று ஒருத்தி நச்சரித்தாள். யாரைக் கேட்பேன்? இரண்டு வருஷமாக என்னையே ஒருவரும் கூப்பிட்டதில்லை. வேறு வழியில்லாமல் என் அறைக்கே அழைத்துப் போனேன். இருந்த ஒரே டம்ளரைக் கழுவிக் கழுவி ஆளாளுக்கு டீ கொடுத்தேன். எல்லோரும் ஒரே டம்ளரில் குடிப்பது இந்த ஊர் வழக்கம் என்று பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த பார்சலில் இன்னொரு டம்ளர் வையுங்கள். ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்