மனை மருதையன் பேரிலேயே இருக்கட்டும்

கீழக்கொல்லை
18.11.1972

அன்புள்ள மகன் சாமிதுரைக்கு அம்மா தங்கம்மாள் சொல்லத் தங்கை அம்சம் எழுதுவது. அடைமழையில் சுவர் ஒரு பக்கம் ஊறிப்போனாலும் இங்கே எல்லாரும் சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமா என்று எழுது. உலைச் சூட்டில் நின்றுவிட்டு உடனே பச்சைத்தண்ணீர் குடிக்காதே. எனக்கு முழங்கால் வலி விடவில்லை, களையெடுக்கக் குனிந்தால் நிமிர்வதற்குள் உயிர் போகிறது. மன்னார்குடியில் பி.ஏ. முடித்த உன் தங்கை வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் வாய் திறப்பாளோ என்னவோ.

நம் குடியிருப்பு மனைக்கு உன் பேரில் மனுக் கொடுத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் சொன்னேன், நீயும் சரி என்று பதில் போட்டாய். இப்போது அது வேண்டாம். கோபப்படாமல் படி. பண்ணை நிலத்தில் குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்ததல்லவா, அதற்காகப் புரட்டாசியில் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அந்த ஆர்.ஐ., நம் தெருவுக்கு வந்து பேர் வாசித்தார். எழுந்து ‘இருக்கேங்க’ என்றவர்கள் பேருக்கெல்லாம் டிக் போட்டார். நான் கூத்தாநல்லூர்ப் பக்கம் நடவுக்குப் போயிருந்தேன். உன் தம்பி மருதையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறான். மூன்று தரம் கூப்பிட்டும் எழவில்லை, காது கேட்டால்தானே எழுவான். பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தொட்டிருக்கலாம், ஒருவரும் தொடவில்லை. கெட்ட எண்ணம் இல்லை, அவனுக்கு எப்போதும் அம்மாதானே பேசுவாள், வந்து பேசிக்கொள்வாள் என்று இருந்துவிட்டார்கள். அவன் பிறந்த நாளிலிருந்து நான் பழக்கிய பழக்கம். பண்ணைக் காரியக்காரர் சாரங்கபாணி, ‘அந்த மனையில ஆள் இல்லைங்க, மூத்தவன் வடக்கே போயிட்டான்’ என்று சொல்ல, ஆர்.ஐ. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுவாரம் பண்ணை ஆட்கள் நம் கொல்லையில் வேலிக்கு முளைக்குச்சி அடித்துவிட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான், வாய் பேசுகிற பிள்ளை பேரில் இருந்தால் நிற்கும் என்று உன் பேரைக் கொடுத்தேன். வடக்கே கையைக் காட்டி, உன் மீசையைக் காட்டி அதை மருதையனுக்குச் சொன்னேன். மூன்று நாள் என் கையால் சோறு வாங்கவில்லை. நாலாம் நாளிலிருந்து தினமும் நடந்தே தாலுகா ஆபீசுக்குப் போய் ஆர்.ஐ. மேசைக்கு எதிரே நின்றிருக்கிறான். விரட்டினால் வெளியே போவான், திரும்ப வந்து நிற்பான். பன்னிரண்டு நாள் நின்றான். அலுத்துப்போய் முந்தாநாள் மறுவிசாரணைக்கு வந்தார்.

வந்தவர் என்னைப் பார்த்துத்தான் ‘ஏம்மா, இவன் எத்தனை வருஷமா இங்க இருக்கான்’ என்று கேட்டார். பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, ‘அவனையே கேளுங்கய்யா’ என்றேன். காரியக்காரர், ‘ஊமைக்கு எதுக்கு மனை, நின்னு கோஷம் போடவா’ என்று சிரித்தார். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் விடுவாளா, ‘கோஷம் போட நாங்க இருக்கோம், கொடி பிடிக்க அவன் இருக்கான், நீங்க முளைக்குச்சியப் பிடுங்குற வேலையப் பாருங்க’ என்றாள். ஆர்.ஐ.யும் சிரித்துவிட்டார். மருதையன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். தென்னையைத் தொட்டு முழங்கால், இடுப்பு, தலை என்று கையாலேயே வளர்த்துக் காட்டினான். புயலில் விழுந்த சுவரை மண் மிதித்து எழுப்பியதைக் காட்டினான், உன் அப்பாவைத் தூக்கிப்போன வழியைத் தோளைச் சாய்த்து நடந்து காட்டினான். ஒரு மணி நேரம் ஆனது. அவனுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கிறதென்று பெற்ற எனக்கே தெரியாது. கடைசியில் ஆர்.ஐ., ‘இவரு வாக்குமூலத்த எழுதிக்கிட்டேன், மூத்தவர் மனு குறுக்கே நிக்குது, அவரு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் இவரு பேருல ஆகும்’ என்றார்.

நீ தம்பிக்குக் கெடுதல் நினைப்பவன் இல்லை. ‘என் பேரில் இருந்தாலும் அவன்தானே இருக்கப்போகிறான்’ என்று எழுதியிருந்தாய். நீ உள்ளவரை சரி. உனக்கும் எனக்கும் பிறகு வருகிறவர்களிடம் இங்கே இருக்கலாமா என்று அவன் எப்படிக் கேட்பான், எந்தக் காதால் பதில் வாங்குவான். எனக்கு அலைய உடம்பில் தெம்பில்லை சாமிதுரை. இனி அவனுக்காகப் பேசவும் எனக்கு விருப்பமில்லை.

இத்துடன் வைத்திருக்கும் காகிதத்தில் இரண்டு சாட்சியோடு கையெழுத்துப் போட்டு, கார்த்திகை இருபத்தைந்துக்குள் கிடைக்கும்படி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும். உறைமேல் என் பேரைப் போடாதே, மருதையன் பேரைப் போடு. வாசலில் நின்று கூப்பிடாமல் உள்ளே வந்து அவன் கையில் கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கம்மாள் (கைநாட்டு)