மச்சானின் வைட்டமின்

மார்ச் 3
ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான சைக்கிள் பந்தயம். மூன்றாவது வருடமாக எனக்கு இரண்டாம் இடம். மூன்றாவது வருடமாக முதலிடம் என் மனைவியின் அண்ணனுக்கு. மேடையில் என் தோளில் கை போட்டு, “எங்க மாப்பிள்ளைய சாதாரணமா நினைக்காதீங்க” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

மார்ச் 10
மச்சான் வீட்டில் விருந்து. தண்ணீருக்காக ஃப்ரிட்ஜைத் திறந்தால், தக்காளிக்குப் பின்னால் ஊசி மருந்து. நூலகத்தில் வேலை பார்ப்பவன் பெயரைப் படிக்காமல் மூடுவேனா?

“வைட்டமின், மாப்பிள்ளை. வயசாச்சுல்ல.”

வீட்டுக்கு வந்து தேடினேன். ரத்தத்தைப் பெருக்கி மூச்சு வாங்காமல் ஓட வைக்கும் மருந்து. பந்தயங்களில் தடை. அப்படியென்றால் மூன்று வருடமாக நான் தோற்றது மனிதனிடம் அல்ல, மருந்துக்கடையிடம்.

மார்ச் 11
சைக்கிள் சங்கத்துக்குத் தொலைபேசியில் புகார். குரல் தெரியாமலிருக்க வாயில் கைக்குட்டை. “சளியா சார்?” என்று அன்பாக விசாரித்தார்கள். ஜூன் பந்தயத்தில் முதலில் வருபவரின் சிறுநீரைச் சோதிப்பார்களாம். முதலில் வருபவர் யாரென்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2
ரத்தக் கொதிப்பு. “யார் மேலயாவது கோவமா?” என்றார் டாக்டர். “ஒருத்தர் மேலதான்” என்றேன். மாத்திரை கொடுத்தார். “உடம்புல இருக்கற தண்ணிய வெளியேத்தும். அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்படாதீங்க.”

வருகிறது.

ஜூன் 16
பாதி வழியில் மச்சானின் சைக்கிள் சங்கிலி அறுந்தது. நான் முதலிடம்.

இப்படியா ஜெயிப்பது? பிடிபட வேண்டிய ஆள் ஓரமாக நின்று எனக்குக் கைதட்டுகிறார். சோதனை அதிகாரி குப்பியை நீட்டினார். நிறைத்துக் கொடுத்தேன். சுத்தமானவனுக்கு என்ன கஞ்சத்தனம்?

ஜூலை 21
மாட்டியது நான்.

அந்தக் கொதிப்பு மாத்திரை தடைப் பட்டியலில் இருக்கிறதாம். வேறு மருந்து தெரியாமலிருக்க அதைச் சாப்பிடுகிறவர்கள் உண்டாம். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். இரண்டு வருடத் தடை. நான் எதடா மறைச்சேன்? என்கிட்ட மறைக்க என்ன இருக்கு — இந்த வயித்தெரிச்சலத் தவிர?

ஜூலை 23
மச்சான் பழக்கூடையோடு ஆறுதல் சொல்ல வந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாப்பிள்ளை? எது காட்டும், எது காட்டாதுன்னு சொல்லியிருப்பேனே.”

“அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க” என்று என் மனைவி அவருக்கே ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 4
கைக்குட்டை இல்லாமல், பெயர் சொல்லிப் புகார் செய்தேன். “தடை வாங்கினவர்தானே சார் நீங்க?” என்றார்கள்.

மார்ச் 2
மீண்டும் வருடாந்திரப் பந்தயம். இம்முறை சிறுநீர்ச் சோதனை கிடையாது. களையெடுத்தாயிற்று, சங்கம் சுத்தமாகிவிட்டது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

பந்தயம் எங்கள் தெருமுனையில் தொடங்குவதால் மச்சான் விடியற்காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். தொடக்கத்தில் பறந்தார். பிறகு இறங்கிப் புதருக்குள் ஓடினார். ஏறினார், மறுபடி ஓடினார். எல்லோருக்கும் கடைசியாக வந்து, மேடையைப் பார்க்காமல் நேராகக் கழிவறைக்குப் போனார்.

“என்ன எழவுன்னே தெரியல மாப்பிள்ளை, நிக்கவே மாட்டேங்குது.”

“வயசாச்சுல்ல மச்சான்” என்றேன்.

காலையில் அவருக்குக் காபி கலந்தது நான்தான். இன்று என் மாத்திரையை நான் சாப்பிடவில்லை. மாலையில் ரத்த அழுத்தம் பார்த்தேன். இயல்பாக இருக்கிறது.