தேதிக்கு முன்னால் ஒரு வார்த்தை

இன்று காலை கடை ஆள் வந்து, தையல் மிஷினின் பக்கவாட்டில் திருகியிருந்த, கடைப் பெயர் போட்ட தகரப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போனான். தவணை முடிந்துவிட்டது. இனி மிஷின் கடைக்குச் சொந்தமில்லை, நமக்குத்தான். பட்டை இருந்த இடத்தில் இரண்டு சின்னத் துளைகள். துருப்பிடிக்குமே என்று எண்ணெய் விட்டேன். அந்த வாசனை கிளம்பியதும், சைக்கிள் எண்ணெய் படிந்த உங்கள் காக்கிச் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. இந்தச் சேதியை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

சிந்தாதிரிப்பேட்டையில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தவணைக்காரர் என்றால்தான் தெரியும். தியாகராய நகரில் சைக்கிளும் தையல் மிஷினும் தவணைக்கு விற்கிற கடைக்கு ஊரெல்லாம் வசூல் செய்து கொடுத்தீர்கள். ஆனால் நம் வீட்டுக்கு ஒரு மிஷின் வாங்க உங்களுக்கு மனம் வரப் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! மூன்று கடை ஏறி இறங்கினீர்கள். மாதத் தவணை குறைவாக இருந்த கடையில் நான் தலையாட்டியதும், என்னை வெளியே இழுத்து வந்தீர்கள்.

"மாசத்துக்கு கொஞ்சந்தான்னு சொல்றான், எத்தினி மாசம்னு சொன்னானா? கூட்டிப் பாரு, மிஷின் வெல இன்னா ஆவுதுன்னு."

கடைசியில் உங்கள் கடையிலேயே எடுப்பதென்று முடிவானது. உடனே கையெழுத்துப் போட்டீர்களா? அதுவும் இல்லை. மிஷின் வராமலேயே சில மாதம் தவணைப் பணத்தை எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னீர்கள். மிச்சக் காசில் வீடு நடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஜாமீனுக்கு ஆள் தேடினீர்கள். வராத மிஷினுக்குத் தவணை கட்டிய கூத்தைச் சொல்லி நம் தெருப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நொச்சிக்குப்பத்து மீன்காரம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மீன்கூடை கொண்டுபோகப் புருஷனுக்குச் சைக்கிள் எடுத்துக் கொடுத்தவள். கடலில் மீன் படாத மாதம், உங்களைக் கண்டு ஒளிந்துகொண்டாளாம். மறுநாள் அவளே நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒளிஞ்சிக்கினா வண்டியத் தூக்கினு போய்டுவாங்கம்மா. முடியலன்னா தேதிக்கு முன்னாடி வந்து ஒரு வார்த்த சொல்லு. ஒரு மாசம் தள்ளிக் குடுப்பாங்க. அது கடை வழக்கம். கேக்கறதுல இன்னா வெக்கம் கீது?" என்றீர்கள். அவளுக்காக முதலாளியிடம் நீங்களே பேசினீர்கள். இப்படி எத்தனை பேருக்கோ பேசியிருக்கிறீர்கள்.

மிஷின் வந்த பிறகு, அந்த ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே வசூலுக்குப் போய் வந்து படுத்தீர்கள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. மயிலாப்பூர் டாக்டர் எழுதிய மாத்திரை, யுத்த காலமானதால், கடைகளில் இல்லை. வெளியில் ஒருவன் கொள்ளை விலை சொன்னான். மிஷின் டிராயரில், நூல் உருண்டைகளுக்குப் பின்னால், அந்த மாதத் தவணை இருந்தது. கையிலிருந்ததோடு அதையும் சேர்த்தால் போதும்.

"எடுக்கட்டுமா?" என்றேன்.

"அது கடைக் காசு. தொடாத."

"ஒரு மாசம் தள்ளித்தரச் சொல்லலாமே. ஊருக்கெல்லாம் நீங்கதானே கேட்டுக் குடுக்கிறீங்க?"

"அது அவுங்களுக்கு. வசூல் பண்றவன் வூட்லயே பாக்கின்னா, நாளைக்கு நான் எவன் வாசல்ல போய் நிப்பேன்?"

இருமலுக்கு நடுவே இதைச் சொல்லி முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரமாயிற்று! பார்க்க வந்த கடை ஆளிடம் தவணையைக் கொடுத்தனுப்பினீர்கள். காய்ச்சல் சாதாரணம்தான் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னீர்கள். நான் கஷாயம் காய்ச்சினேன். அந்த வாரம் தாண்டவில்லை நீங்கள்.

மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த தவணைக்கு என்னிடம் காசில்லை. தேதிக்கு முன்பே புறப்பட்டுத் தியாகராய நகர் வரை நடந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். கடை வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துபோய், "ஒரு மாசம்..." என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"இதுக்கா இம்மாந்தூரம் வந்தே? அடுத்த மாசம் சேத்துக் கட்டிக்கம்மா," என்றார் முதலாளி. பிறகு குரலை இறக்கி, "அவுருகூட ஒரு வார்த்த சொல்லி அனுப்பிச்சிருந்தா, அன்னிக்கே தள்ளியிருப்பேனே," என்றார்.

அவ்வளவுதான். முந்தானையால் முகம் துடைக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதைக் கேட்க முடியாமலா போனீர்கள்? நடுரோட்டில் நின்று உங்களைத் திட்டினேன், அழுதுகொண்டே திட்டினேன். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், தவணையில் ஏதாவது வாங்குவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன், முதலில் சில மாதம் பணத்தை எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முடியாத மாதம் வந்தால் தேதிக்கு முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறேன். எல்லாம் நீங்கள் சொன்னதுதான். அந்தக் கடைசி யோசனையை மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்.

நீங்கள் பேசிக் கொடுத்ததால் எத்தனையோ வீடுகளில் சைக்கிளும் மிஷினும் கடைக்குத் திரும்பிப் போகாமல் நின்றன. நம் வீட்டிலும் மிஷின் நிற்கிறது. வாங்கி வந்த நீங்கள்தான் இல்லை.