நடுங்கும் கைக்கு எந்தத் துப்பாக்கி

ஜனவரி 9

இன்று கேப்புத் துப்பாக்கி வெடிக்கவில்லை. கேப்பு என்பது பருப்பு அளவு செம்புக் குப்பி. அதைத் துப்பாக்கியின் பின்புறம் ஒரு முனையில் செருக வேண்டும். சுத்தியல் மேலே விழுந்தால் வெடிக்கும். என் வீட்டுக்காரர் விரலிலிருந்து அது திரும்பத் திரும்ப நழுவியது. கயிற்றுக்கு அப்பால் பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். நான் சொன்னதையே சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்த அருங்காட்சியகத்தில் இதுதான் எங்கள் பிழைப்பு. பழங்காலத் துப்பாக்கிகளை அவர் சுட்டுக் காட்டுவார், நான் விளக்குவேன். குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்துதான். வீட்டில் சுடுவது என்னவோ இவள்தான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

குளிர் என்றார். குளிரவே இல்லை.

ஜனவரி 21

நடுக்குவாதமாம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேருந்திலிருந்து இறங்கும்போது, கேப்பு வேண்டாம், மற்ற மூன்று துப்பாக்கிகளும் போதும் என்றார்.

பிப்ரவரி 6

நான்கு துப்பாக்கிகளும் வந்த வரிசையாகக் கூட்டத்துக்கு நான் ஒப்பிப்பது இது. முதலில் திரி: எரியும் கயிற்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும், மழை வந்தால் போச்சு. அடுத்து சக்கரம்: சாவி கொடுத்துவிட்டால் தானே சுற்றிப் பொறி பறக்கும், ஆனால் விலை யானை விலை. பிறகு சக்கிமுக்கிக் கல்: எஃகில் உரசிப் பொறி தரும், மலிவு. கடைசியில் கேப்பு: மழையிலும் வெடிக்கும். போகப் போக வசதி என்று முடிப்பேன்.

யாருக்கு வசதி? இவர் கைக்கு எல்லாம் தலைகீழ். இன்று கல் துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னால் இழுக்கும்போது கட்டைவிரல் வழுக்கிப் பாதியிலேயே விழுந்துவிட்டது. மருந்தை நான்தான் கொட்டுகிறேன். அதையும் யாரும் பார்க்காத மாதிரி.

மார்ச் 2

கல்லை ஏற்கெனவே விட்டாயிற்று; இன்று சக்கரத்துக்குச் சாவி கொடுக்கவும் மணிக்கட்டு கேட்கவில்லை. திரியைக் காட்டி, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார்.

மார்ச் 11

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். நடுங்குகிற கையில் எரிகிற திரி, பக்கத்தில் வெடிமருந்து. நீங்களே யோசியுங்கள் என்றார். நானே அவரிடம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது? சுடாவிட்டால் அந்தக் கட்டடத்தில் இவர் யார்?

மார்ச் 12

சொல்லவில்லை.

மார்ச் 15

திரியின் நெருப்பு இவர் சட்டைக் கையில் பட்டுவிட்டது. நான் ஓடிப்போய் அடித்து அணைத்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், வேடிக்கைக்குச் செய்கிறோம் என்று நினைத்து.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "போதுங்க. இனிமே நான் சுடறேன்."

ரொம்ப நேரம் சட்டையின் ஓட்டையையே தடவிக்கொண்டிருந்தார். "அப்ப நான் என்ன பண்றது?"

நீங்கள் பேசுங்கள் என்றேன். தனக்குப் பேசத் தெரியாது என்றார். எனக்கு மட்டும் சுடத் தெரியுமா என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? பாவம், அவர் என்ன செய்வார். அந்தக் கைய நான் என்ன பண்ணி நிறுத்துவேன், கடவுளே.

மார்ச் 16

சாப்பிட்டார். நான் ஒப்பிப்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.

ஏப்ரல் 4

இன்று முதல் தடவை நான் சுட்டேன். கயிற்றின் ஓரமாக என் இடத்தில் நின்று அவர் பேசினார். இந்த நோயில் அவர் குரலும் உள்ளே போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தப்பில்லாமல் சொன்னார். திரியை இறக்கினேன். குழலின் பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணியில் மருந்து பற்றியது, பிறகு வெடித்தது. புகை விலகியதும் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிண்ணியில பத்தினதுக்கப்புறம் வெடிக்க இவ்ளோ நேரமா ஆகும்?"

கண்மூடித் திறக்கிற நேரம்தான் என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். இன்னைக்கு உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னே நெனச்சேன்." குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நான் சுடறப்பல்லாம் நீ தெனமும் அங்கதானே நின்ன?" என்றார்.

ஆமாம் என்றேன். கிண்ணி பற்றியதும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் வந்த அந்தப் பயத்தை இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் சொன்னதே இல்லை.