நீ அனுப்பிய சிவப்பு வட்டு

அன்புள்ள மகன் யூஸோவுக்கு அம்மா எழுதுகிறேன். நீ அங்கே பெர்த்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், நாய் சுகம், உன் அக்கா ஹில்லா உடம்புக்குச் சுகம் மனசுக்கு இல்லை, உன் அப்பாவுக்கு இரண்டும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துக்கொள்கிறார், நான் வாயைத் திறந்தால் முறைக்கிறார். அதனால்தான் கடிதம். காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, இந்த வருஷம் எல்லாம் கோலிகுண்டு அளவுதான். காட்டில் புவோலுக்கா பழம் சிவந்து கிடக்கிறது, நான் தனியாகத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வந்தேன், ஏனென்றால் உன் அப்பாவுக்குக் காட்டில் வேறு வேலை இருக்கிறது, வட்டு தேடுகிற வேலை. பக்கத்து வீட்டு வெய்யோ புதுப் பல் கட்டிக்கொண்டு இப்போது முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறான், யாரைப் பார்த்து என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. மரங்களுக்கு நடுவே இருக்கிற கூடையில் எறிந்து போடுவார்களே, அந்த டிஸ்க் கோல்ஃப் வட்டு ஒன்றை நீ உன் அப்பாவின் பிறந்தநாளுக்கு அனுப்பினாயே, சிவப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரிப் பளபளவென்று, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி இல்லை. நீ நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய் என்று தெரியும், அதைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்காதே.

வட்டின் முதுகில் நாலு எண் போட்டிருக்கிறதே, அதில் முதல் எண் என்னவென்று நீ விசாரித்தாயா. பெரிய எண், விலையும் பெரிசு, அப்பாவுக்குச் சிறந்ததாக வாங்கிவிட்டோம் என்று நினைத்திருப்பாய். அது வேகம் மகனே. அந்த எண்ணுக்கு ஏற்ற வேகத்தில் கை சுழன்றால்தான் அந்த வட்டு பறக்கும், இல்லாவிட்டால் எறிந்த கொஞ்ச தூரத்திலேயே மூக்கைத் திருப்பிக்கொண்டு இடது பக்கம் போய் விழும். ஹில்லா அதை எறிந்தால் ஏரிக் கரை வரை நேராகப் போய்க் கடைசியில்தான் லேசாக இடது பக்கம் சாய்கிறது, பார்க்கவே அழகாக இருக்கிறது. உன் அப்பா எறிந்தால் கோழியைக் கூண்டிலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. அவரிடம் ஏற்கெனவே ஒரு நீல வட்டு இருந்தது, மெல்லிசு, எடை குறைந்தது, முதன்முதலாக ஆடுகிறவர்களுக்குக் கொடுப்பது. மெதுவான கைக்கு அது நேராகப் போகும். அதையே ஹில்லா தன் பலத்தில் எறிந்தால் வலது பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டு ஓடும். வட்டில் நல்லது கெட்டது கிடையாது, கைதான் கணக்கு. இதை ஒரு நாளும் ஆடாத நானே ஜன்னல் வழியாகப் பார்த்துப் புரிந்துகொண்டேன், கணினியில் எதையெல்லாமோ கட்டுகிற உனக்குப் புரியவில்லை.

ஹில்லா பசுக்களை விற்றதிலிருந்து அவளும் உன் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. போன வருஷத்திலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோடி ஆட்டத்தில் இருவரும் எறிவார்கள், எது நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து அடுத்ததை எறிவார்கள். உன் அப்பா முதலில் நீலத்தை எறிவார், தூரம் போகாது, ஆனால் எப்போதும் பாதையில்தான் கிடக்கும். அந்தத் தைரியத்தில் ஹில்லா மரங்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு விசிறுவாள், போனால் கூடை, போகாவிட்டால் அப்பா போட்டது இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், அப்பா, கொஞ்சம் தாழப் போடுங்க, அப்படித்தான் பேசிக்கொள்வார்கள், வேறு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரே தட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்துத் தின்பார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மனசு குளிர்ந்து போயிருந்தேன்.

கோடை முடிவில் ரிஸ்திவாரா கிராமத்தோடு போட்டி. ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. உன் அப்பா பையிலிருந்து சிவப்பை எடுத்தார். ஹில்லா, அப்பா, இன்னைக்கு மட்டும் நீலத்தைப் போடுங்க என்றாள், பணிவாகத்தான் சொன்னாள். யூஸோ வாங்கிக் குடுத்தது, எனக்குத் தெரியும் போம்மா என்றார். எறிந்தார், இடது பக்கம் சதுப்பில் விழுந்தது. மறுபடியும் சதுப்பு. அவருடைய வட்டு சதுப்பில் விழுகிற ஒவ்வொரு தடவையும் ஹில்லா பயந்து பயந்து மெதுவாக எறிய வேண்டியதாயிற்று, அவளுடைய பலமெல்லாம் வீண். வட்டைத் தேடக் கொடுக்கிற நேரம் முடிந்த பிறகும் முழங்கால் வரை சேற்றில் நின்று துழாவிக்கொண்டிருந்தார், எல்லாரும் காத்திருந்தார்கள். வெய்யோ தன் புதுப் பல்லெல்லாம் தெரிய உன் அப்பாவைப் பார்த்து, தாய்ஸ்தோ, மீனா பிடிக்கிறே, ராத்திரி சூப்புக்கு எனக்கும் ஒண்ணு எடுத்து வையிப்பா என்று கத்தினான், ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். வேறென்ன செய்ய.

தோற்றார்கள். சாஸேஜ் சுடுகிற இடத்தில் எல்லார் முன்னாலும் ஹில்லா சொன்னாள், அவன் அனுப்பின சிவப்புத் தட்டுக்காக என்னைத் தோக்க வெச்சிட்டீங்க, இனிமே அவனையே வரச் சொல்லி ஜோடி சேர்ந்து ஆடுங்க என்று. இவர் விடுவாரா, அவனாவது எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தான், நீ என்ன குடுத்தே, இருந்த மாட்டையும் வித்தவ என்றார். அவ்வளவுதான். ஹில்லா காரை எடுத்துக்கொண்டு போனவள் இன்னும் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது வெய்யோவின் மருமகனோடு ஆடுகிறாள். செவ்வாய்க்கிழமை வந்தால் உன் அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் ஆடி முடிக்கும் வரை வீட்டில் நின்றுவிட்டு அப்புறம் தனியாகப் போகிறார்.

அந்தச் சனியன் தொலைந்து போகட்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. ஆனால் இந்த ஊரில் நல்லவர்கள் அதிகம், அதுதான் தொல்லை. வட்டின் அடியில் பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்திருக்கிறார் அல்லவா, எங்கே தொலைத்தாலும் யாராவது எடுத்து, தாய்ஸ்தோ, உங்க தட்டு கெடச்சிடுச்சு, தபால் பெட்டி மேல வெச்சிருக்கேன் என்று கூப்பிடுகிறார்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் நம்பரை நானே துடைத்துவிட்டேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வாரமே வெய்யோ கொண்டுவந்து கொடுத்தான், இடது பக்கம் கிடந்துச்சு, வேற யாருதா இருக்கும் என்றான்.

போன சனிக்கிழமை சவுனாவில், நீராவிக் குளியலுக்கு உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். தோள் நோவால் அவருக்கு வலது கை காதுக்கு மேலே எழும்புவதில்லை, முதுகுக்கு நான்தான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு என்ன, கண்ணு தெரியலயா புத்தி கெட்டுப்போச்சா, அது உங்களுக்குப் பறக்காதுன்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியுதே என்றேன். முதல் நாளே தெரியும்டி ஹெல்வி என்றார். பையன் போன் பண்ணினா எவ்வளவு தூரம் போச்சுப்பான்னு கேக்கிறான், என் கை இன்னும் அப்படியே இருக்குன்னு நெனச்சிட்டிருக்கான், ஒருத்தனாவது அப்படி நெனச்சுக்கட்டுமே என்றார்.

எனக்கு இரக்கம் வரவில்லை யூஸோ, கோபம்தான் வந்தது, அவர் மேலும் உன் மேலும். நீ கிளம்பின அன்றைக்கு உன் இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு படியேறினாரே ஒரு மனிதர், அவருக்குத்தான் நீ இந்த வட்டை வாங்கியிருக்கிறாய். அந்த ஆள் இந்த வீட்டில் இல்லை. இங்கே இருக்கிறவருக்கு ஜாம் பாட்டில் மூடியை நான்தான் திறந்து கொடுக்கிறேன். வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வருகிறேன் வருகிறேன் என்று நாலு கோடை போய்விட்டது, டிக்கெட்டுக்குப் பதிலாகப் பார்சல் வருகிறது.

ஹில்லாவிடம் பேசிவிட்டேன். பனி விழுவதற்கு முன்னால் இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்கிறது. நீலத்தை எடுத்துட்டு வந்தா நான் கூட நின்னு ஆடுறேன், சிவப்போட வந்தா முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேன் என்றாள். அவளுக்கும் அவர் பிடிவாதம்தான், சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் பேச ஒரு சாக்கும் கிடையாது, அடுத்த வசந்தத்துக்கு அவருடைய தோள் என்ன நிலையில் இருக்குமோ தெரியாது. ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொல்ல வேண்டும். அப்பா, உங்க கையில பலம் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும், அந்தத் தட்டு உங்களால முடியாது, அதை எறியாதீங்க என்று இதே வார்த்தைகளில் சொல்லு. மழுப்பாதே, தட்டில் கோளாறு என்று பொய் சொல்லாதே, வேறு நல்ல தட்டு அனுப்புகிறேன் என்று தொடங்கினால் உன்னைத் தொலைத்துவிடுவேன். நான் சொன்னால் தொணதொணப்பு, ஹில்லா சொன்னால் பொறாமை. நீ ஒருத்தன்தான் அவரைப் பலசாலி என்று நம்புகிறாய், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் பெற்ற மகளைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். நீயும் நம்பவில்லை என்று தெரிந்தால் அவர் யாருக்காகவும் அதை எறிய வேண்டியதில்லை.

அம்மா கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. குளிக்கப் போகிற கடலில் சுறா இருக்கிறதாம், ஜாக்கிரதையாக இரு, ராத்திரி கண் விழிக்காதே. உனக்கு எல்லா நலமும் கிடைக்க வேண்டும், உன் உழைப்பு வீண் போகக் கூடாது, அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ சொன்னதும் அவர் பேசாமல் இருப்பார், அழவும் செய்வார். உடனே போனை வைத்துவிடாதே, சமாதானமும் சொல்லாதே. கடைசி வரை இருந்து கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹெல்வி